போடிமெட்டுக்கு ஒரு பழைய ஜீப்: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்: கோவையிலிருந்து மறையூர்

இரண்டரை ஆண்டுகள் ஷெட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடந்த வண்டி, இன்று காலை ஐந்தே முக்காலுக்கு முழு வண்டியாக வெளியே வந்தது. 1964இல் பதிவான மஹிந்திரா சிஜே 3பி, பெட்ரோல். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு உழைத்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் புளியமரத்தடியில் நின்றிருக்கிறது. நான் வாங்கியபோது எஞ்சின் இறுகிக் கல்லாகியிருந்தது. நான்கு சிலிண்டர்களிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டோம். தினமும் மாலையில் ஃப்ளைவீல் பல்லில் கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பேன். ஒரு நாள் அது கால் அங்குலம் நகர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜீப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கின்றன. புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கின்றன. போர்க்கால ஜீப்பில் எல்லா வால்வுகளுமே பக்கவாட்டில்தான் இருந்தன. கொள்ளளவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 2.2 லிட்டர், பழையதன் சக்தி 60 குதிரை, இதற்கு எழுபதைத் தாண்டும். வால்வு மேலே ஏறியதால் எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. 3பி-யின் முகம் மற்ற ஜீப்புகளைவிட நெட்டையாக இருப்பதன் காரணம் அவ்வளவுதான். அழகில்லை என்பார்கள். எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும்.

போகும் இடம் பூப்பாறைக்கு அருகில் ஓர் ஏலத்தோட்டம். போடிக்காரர் ஒருவருடையது. அவரிடம் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. ஓராண்டாகத் தொலைபேசியில் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். "எத்தனை நாள் போனிலேயே வண்டி ஓட்டுவீர்கள்? இங்கே கொண்டு வாருங்கள் தம்பி" என்று அவர் சொன்னதுதான் இந்தப் பயணம்.

கிணத்துக்கடவு தாண்டியதும் முதல் சோதனை. ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஒரு தட்டுத் தட்டியது, உடனே ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல உதறத் தொடங்கியது. இரண்டு முன்சக்கரங்களும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ள, பானெட் முழுவதும் நடுங்கியது. இருபதுக்குக் கீழே வேகம் இறங்கிய பிறகுதான் அடங்கியது. ஓரமாக நிறுத்தி எல்லா நட்டுகளையும் கையால் பார்த்தேன், எதுவும் தளரவில்லை. முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடின் எண்டுகள் புதியவை. சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்குகளும் புதியவை, நானே போட்டவை. ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றிப் பூட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பொள்ளாச்சி, உடுமலை வரை நாற்பதைத் தாண்டாமல் வந்தேன்.

உடுமலையிலிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகத்து வழியாகச் சின்னாறு. தை கடைசி, மழைமறைவுப் பகுதி, காடு முழுக்க வெளுத்த முள்மரங்கள். சின்னாற்றைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் இருமி நின்றது. பதினொன்றரை மணி வெயில். எண்ணெய் சரி, தண்ணீர் சரி, பொறியும் வருகிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு வெறும் ஆவியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி இருபது நிமிடம் காத்திருந்தேன். காட்டுக்குள் வண்டியை விட்டு விலகக் கூடாது என்பதால் பக்கத்திலேயே நின்றேன். மேலே கிளையில் ஒரு சாம்பல் நிற மலையணில் வாலைத் தொங்கவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி சாவியைத் திருப்பினேன். எழுந்துவிட்டது.

மறையூரில் தங்கல். மண்டை வெல்லம் ஒரு கிலோ வாங்கி வண்டியில் போட்டிருக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனமில்லை.

இரண்டாம் நாள்: மறையூரிலிருந்து பூப்பாறை

இன்று சாலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தேயிலை, மேகம், மூணாற்றில் நெரிசல். இந்த வண்டியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ், அதாவது ஓட்டத்திலேயே பற்களை ஒத்திசைத்துச் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. சக்கரம் முழுவதும் நின்றால்தான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். நெரிசலில் அது பெரும் வேலை. இரண்டாவதிலேயே ஊர்ந்து, நின்று, மறுபடி முதலாவது. தொடை கடுக்கிறது.

மூணாற்றில் தேநீர்க் கடைப் பெரியவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு ரயில் கதைக்குப் போய்விட்டார். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயில் ஓடியதும், அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கியதும், 1924 வெள்ளத்தில் ரயில் அழிந்ததும் அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தவை. தன் அப்பா சொன்னதை நேற்று பார்த்ததுபோலச் சொன்னார்.

தேவிகுளம் தாண்டி கேப் ரோடு, சின்னக்கானல், பூப்பாறை. நான்கு மணிக்குத் தோட்டம். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "எஞ்சின் சத்தம் நன்றாக இருக்கிறது. முன்பக்கம் என்னவோ கடகடக்கிறதே?" என்றார். வண்டி வாசலுக்கு ஏறி வரும்போது கேட்ட சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார்.

அவருடைய ஜீப் ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை இங்கே ஸ்டோர் என்பார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் ஏலக்காய் மணமும் கிரீஸ் மணமும் கலந்து வந்தது. இருட்டிவிட்டது. விரிவாக நாளை.

மூன்றாம் நாள்: தோட்டத்தில்

காலை ஆறரைக்கே கொட்டகைக்குப் போய்விட்டேன். அண்ணன் ஏற்கனவே அங்கே இருந்தார்.

அவருடைய வண்டியை எல்லோரும் வில்லிஸ் என்றே சொல்கிறார்கள், தகட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அவர் என்னை முன்பக்கம் அழைத்துப்போய், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வில்லிஸ் என்றால் அது உருண்டைக் குழாயாக இருக்க வேண்டும். என் கைக்குக் கிடைத்தது கவிழ்த்த தொட்டிபோல வளைத்த தகடு. அது ஃபோர்டு செய்த சேஸிஸ். போரின்போது ராணுவம் கேட்ட வேகத்துக்கு ஒரு நிறுவனத்தால் ஈடுகொடுக்க முடியாமல் ஃபோர்டும் அதே வரைபடத்தில் ஜீப் செய்தது. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல். ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட எஃப் எழுத்தைப் பொறித்தது. ராணுவப் பட்டறைகளில் பிரித்துப் பூட்டும்போது எது யாருடையது என்று எவரும் பார்க்கவில்லை. அதனால் இவருடைய சேஸிஸ் ஃபோர்டு, எஞ்சின் வில்லிஸ், போல்ட்டுகள் இரண்டும் கலந்தவை. இடதுபக்க ஸ்டியரிங். "இதைத் தனித்தனியாகப் பிரித்துச் சுத்த ஃபோர்டு ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். இப்படி ஆனதுதானே இதன் வரலாறு, அதை ஏன் அழிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டேன்" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. என் வண்டியின் பானெட் பக்கவாட்டில், நான் வாங்கும்போது, பழைய தோட்டத்தின் பெயர் கையெழுத்தில் வெள்ளையாக எழுதப்பட்டிருந்தது. பாதி எழுத்துகள் உரிந்திருந்தன. பெயின்ட் அடிக்கும் வேகத்தில் தகடு வரை உரசி, பட்டி வைத்து, வழவழப்பாக்கிவிட்டேன். ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. அவர் வண்டியில் பின்பக்கம் ஒரு சொட்டை இருக்கிறது, ஏல மூட்டை ஏற்றும்போது மரத்தில் இடித்தது, அவருடைய அப்பா ஓட்டியபோது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி அப்படியே வைத்திருக்கிறார். இன்று நான் தொடங்கினால் வேறு மாதிரித்தான் செய்வேன்.

ஆனால் தேவையான இடத்தில் அவர் தயங்கியதே இல்லை. தரைத் தகட்டின் அடியில் தொப்பி வடிவத்தில் நீளச் சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் தொழிற்சாலையிலேயே மரக்கட்டைகளைத் திணித்திருந்தார்கள், தரை அதிராமல் இருக்க. மரம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தகடு உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும்போதே அடியில் ஓட்டை விழுந்திருக்கும். அவர் சட்டங்களை அறுத்துத் திறந்து, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, உலர்ந்த பலாக் கட்டையை எண்ணெயில் ஊறவைத்து உள்ளே வைத்திருக்கிறார். பழைய ஜீப் வாங்க நினைப்பவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம், படுத்து அந்தச் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள்.

மின்சாரத்தையும் அவர் மாற்றவில்லை. இன்னும் 6 வோல்ட்தான். 6 வோல்ட்டில் ஸ்டார்ட்டர் சுற்றாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். அவர் காட்டிய பேட்டரிக் கேபிள் என் கட்டைவிரல் தடிமன். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரட்டிப்பாக வேண்டும். 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு 6 வோல்ட்டைக் குறை சொல்கிறோம். மிதியை அழுத்தினார். நிதானமாகச் சுற்றி, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

பிறகு என் வண்டி. நான் பேசத் தொடங்குவதற்குள், "ஏறி உட்காருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள், நிறுத்த வேண்டாம்" என்றார். அவர் முன்னால் படுத்தார். முன் அச்சின் மேல் பெல் கிராங்க் என்று ஒரு துண்டு இருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் நீளவாட்டு அசைவை வாங்கி, குறுக்குவாட்டாக மாற்றி, இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அந்த மூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"இறங்கி வந்து நீங்கள் வையுங்கள்."

வைத்தேன். அவர் ஸ்டியரிங்கை ஆட்ட, கைக்கடியில் 'டக், டக்' என்று அந்தத் துண்டு சக்கரத்தைத் திருப்புவதற்கு முன் தானே மேலும் கீழுமாகச் சாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. கைக்குத் தெரிந்தது.

அந்தத் துண்டு சுழலும் பின்னைத் தட்டி வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. அதனால்தான் கோவையில் இதைத் துடைத்து கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டியிருக்கிறேன். அண்ணன் என் நகத்தைப் பிடித்துப் பின்னின் மேல் மெதுவாக இழுத்தார். ஊசி பேரிங் உட்காரும் இடத்தில் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் ஏறியது. ஒரு பக்கம் மட்டும். சுற்றிப் பார்த்தால் ஊசிகள் பதிந்த கோடுகள் வரிசையாக.

அவருடைய பெட்டியில் மாற்றுப் பின் இருந்தது. இது இரண்டு தடிமனில் வரும், 7/8 அங்குலம், 15/16 அங்குலம். அளக்காமல் வாங்கினால் பணம் வீண். எனக்கு வேண்டியது பெரியது. பெட்டியில் அது ஒன்றுதான் இருந்தது, அதையே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஸ்டோருக்குள் போய், பச்சை ஏலக்காய் எடை போடும் வில்தராசை எடுத்து வந்தார். சக்கரத்தைக் கழற்றி, டை ராடை விலக்கி, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் எண்ணெய் சீலையும் தளர்த்தி, நக்கிள் கரத்தின் ஓட்டையில் தராசின் கொக்கியை மாட்டி இழுக்கச் சொன்னார். கிங்பின் பேரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றன என்பதை அளக்கும் வழி இது. வில்லிஸ் கையேடு சொல்லும் கணக்கு 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஐந்தரையிலிருந்து ஏழு கிலோ. இடதுபக்கம் ஆறு கிலோவில் நகர்ந்தது. வலதுபக்கம் முள் மூன்றைத் தொடுவதற்குள் நகர்ந்துவிட்டது. புது பேரிங் போட்டபோது இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான பழைய ஷிம்களையே எண்ணிக்கை மாறாமல் வைத்தேன்; புது பேரிங்குக்குப் புதுக் கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, காகிதம்போன்ற இரண்டு ஷிம்களை எடுத்தோம். மறுபடி இழுத்தேன். ஐந்தே முக்கால்.

தராசில் அப்போதும் ஏலக்காய்த் தொலி ஒட்டியிருந்தது.

பூட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அண்ணன் தன் ஜீப்பின் முகப்பு விளக்கின் பின்னால் இருந்த சிறகு நட்டைத் தளர்த்தி, விளக்கை அப்படியே பின்னோக்கிக் கவிழ்த்தார். அது திரும்பி அவருடைய எஞ்சின் மேலேயே மஞ்சளாக எரிந்தது. இருட்டில் பழுதுபார்க்க வேண்டிய சிப்பாய்க்காக 1940களில் யோசித்து வைத்த ஏற்பாடு. அந்த வெளிச்சத்தில் அவர், பொறிக்காக மின்சாரத்தை விட்டு வெட்டும் பாயிண்டைத் துடைத்துக் காட்டினார்: இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, என்னுடையதற்கும் அதே அளவு.

நான்காம் நாள்: மலைப்பாதையும் கொழுக்குமலையும்

காலையில் இரண்டு வண்டிகளையும் தோட்டத்துப் பாதையில் ஏற்றினோம். உருளைக் கற்கள், நடுவில் மழைநீர் அறுத்த வாய்க்கால். ஓராண்டாகத் தொலைபேசியில் வாதாடியதை இன்று கண்ணால் பார்த்துவிட்டோம்.

தாழ் கியரில் முதலாவதைப் போட்டால், என் வண்டியில் எஞ்சின் முப்பத்தாறு சுற்றுக்கு மேல் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று. அவருடையதில் இருபத்தைந்து சுற்றுக்கே ஒன்று. என் வண்டி ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே கல்லின் மேல் கல்லாக ஏறியது; மனிதன் நடக்கும் வேகம்கூட இல்லை. அவருடையது அதே இடத்தில் சற்று வேகமெடுத்துத் தாவித்தான் ஏறியது. காரணம் பிறப்பில் இருக்கிறது. சிஜே என்பதற்கே குடிமக்கள் ஜீப் என்றுதான் பொருள். போர் முடிந்ததும் உழவர்களுக்கு விற்பதற்காகச் செய்தது, ஏர் இழுக்க வேண்டும் என்று கியரைத் தாழ்த்தினார்கள். ராணுவ ஜீப் சாலையில் ஓட வேண்டியது. நேற்று மாலை அவருடையதைத் தார்ச்சாலையில் ஓட்டினேன். ஐம்பதில் என் எஞ்சின் அலறும் இடத்தில் அது முணுமுணுக்கிறது.

பின்னச்சில் மட்டும் எனக்கு அவர்மேல் பொறாமை. அவருடையதில் ஹப்பின் முகப்புப் போல்ட்டுகளை எடுத்தால் ஆக்சில் தண்டு சக்கரம் தரையில் இருக்கும்போதே கையோடு வந்துவிடும். என்னுடையதில் ஹப் கூம்பான தண்டில் இறுகிக் கிடக்கும். அதைப் புல்லர் போட்டு இழுக்கக் கோவையில் எனக்கு இரண்டு நாள் ஆனது.

பெட்ரோலைப் பற்றியும் பேசினோம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் டயஃப்ரமும் ஹோஸும் ஊதிப் பிசுபிசுத்துப் போகின்றன. அவர் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாறிவிட்டார். நானும் ஊருக்குப் போனதும் மாற்ற வேண்டும். குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து ஓர் அங்குலம் விலக்கிக் கொண்டுபோகவும் சொன்னார். சின்னாறு ஏற்றத்துக்கு அதுதான் மருந்து.

மதியம் சூரியநெல்லியிலிருந்து வாடகை ஜீப்பில் கொழுக்குமலை. தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் வண்டிப்பாதை கேரளப் பக்கத்திலிருந்துதான் இருக்கிறது. ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். பாறைமேல் ஏறும்போது ஸ்டியரிங்கின் உள்ளே கட்டைவிரலைக் கோக்காமல் வெளியே வைத்திருந்தார். சக்கரம் கல்லில் திரும்பினால் விரல் போய்விடும். ஒவ்வொரு கல்லையும் பெயர் தெரிந்ததுபோல அணுகினார். மேலே பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மரத்தரையில் நடந்துவிட்டு, கீழே மேகத்துக்குள் போடிப் பக்கத்துச் சமவெளி திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பேசவே இல்லை.

ஐந்தாம் நாள்: போடிமெட்டு, போடி

விடியலில் கிளம்பினேன். அண்ணி ஏலக்காய் ஒரு பொட்டலம் மடித்து இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். "நாற்பதில் ஒரு முறை, ஐம்பதில் ஒரு முறை, வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டுப் பாருங்கள் தம்பி. பயந்து ஓட்டினால் தெரியாது" என்றார் அண்ணன்.

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். பிரேக் ஒற்றைச் சுற்று நீரழுத்தம். ஒரு குழாய் போனால் நான்கும் போகும். எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். முந்தலில் சமதளம் வந்ததும் நாற்பது. பள்ளம். ஸ்டியரிங் ஒரு முறை தட்டி நின்றது. ஐம்பது. சாலை நடுவே ஒட்டுப்போட்ட மேடு. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். தட்டியது, நின்றது. மறுபடி திரும்பி வந்து அதே மேட்டில் ஐம்பத்தைந்தில் விட்டேன். சக்கரம் நேராகவே போனது. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து உரக்கச் சிரித்தேன்.

போடியில் அண்ணன் சொல்லியிருந்த லேத் பட்டறை. தேய்ந்த பின்னைக் காட்டி, தேயாத முனையில் அளவெடுத்து, அதே போல இரண்டு கடைந்து, வெப்பம் கொடுத்துக் கடினமாக்கித் தரச் சொன்னேன். மூன்று மணி நேரம் ஆனது. பட்டறைக்காரர் முதல் பின்னை மைக்ரோமீட்டரில் வைத்து, திருப்பி வைத்து, மறுபடி திருப்பி வைத்துப் பார்த்த பிறகுதான் கையில் கொடுத்தார்.

ஒன்று என் கருவிப் பெட்டிக்கு. மற்றதற்கு கிரீஸ் தடவி, தினத்தாளில் சுற்றி, சணல் கட்டி, பூப்பாறை போகும் பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்தேன். அண்ணன் பெயரைச் சொன்னதும், "ஜீப்காரர்தானே? நிறுத்தத்திலேயே நிற்பார்" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.